பனிச்சறுக்கு மையத்தில் ஒரு பருவ வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும் ஜூன் மாதத்தில்தான் ஆஸ்திரேலியாவின் பனிமலைகளில், சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகள் ஓடத் தொடங்குகின்றன. ஜூன் இரண்டாம் திங்கட்கிழமை வரும் அரசர் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டிப் பனிச்சறுக்குப் பருவம் திறந்து, அக்டோபர் முதல் வாரத்தோடு அடங்கிவிடும். நம் கல்லூரிகளில் கடைசிப் பருவத் தேர்வு முடிவதும் கோடையில்தான் என்பதால், படிப்புக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவில் ஓராண்டை ஒதுக்க நினைக்கும் நம் பகுதி இளைஞருக்கு ஐரோப்பியப் பனிக்காலத்தைவிட அந்தத் தென்கோளப் பனிக்காலம் இயல்பாகப் பொருந்துகிறது.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். பட்டப்படிப்பை முடித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து பணம் சேர்த்து, 2025-ஆம் ஆண்டுப் பனிப்பருவத்தில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஒரு மலையில் லிஃப்ட் இயக்குபவனாக வேலை பார்த்தேன். திரும்பி வந்ததிலிருந்து தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இரண்டு: மலையைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்காமல் விசாவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், கடன் வாங்கிப் போகாதீர்கள். நான்கு மாதப் பருவ வேலை வட்டியைச் சுமக்காது.

முதல் படி: நம் பாஸ்போர்ட்டுக்கு எந்தக் கதவு திறக்கும்?

பனிச்சறுக்கு வேலை பற்றி இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இளைஞர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்குக் கனடாவின் பான்ஃப், விஸ்லர் பனி மையங்கள் எளிது, நமக்கு அப்படியில்லை. கனடாவின் இளைஞர் பணி அனுபவத் திட்டத்தில் இந்தியா பங்காளி நாடாக இல்லை. ஆகவே, இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடாவின் வொர்க்கிங் ஹாலிடே விசா (சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய இளைஞர்களுக்குத் தரும் விசா) வாங்கித் தருவதாக யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். என் கல்லூரி நண்பன் ஒருவன் இரண்டு லட்ச ரூபாய் முன்பணம் கட்டியது இப்படி ஒரு பேச்சை நம்பித்தான். அவனுக்குக் காட்டப்பட்ட பணி நியமனக் கடிதத்தில் மலையின் பெயரே தப்பாக இருந்தது. பணம் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை.

நமக்குத் திறந்திருக்கும் கதவுகளில் முதன்மையானது ஆஸ்திரேலியாவின் 462 எனப்படும் வொர்க் அண்ட் ஹாலிடே விசா. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான வணிக உடன்பாட்டின் பயனாக 2024 அக்டோபர் 1 முதல் இது இந்தியர்களுக்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு 1,000 இடங்கள், வயது 18 முதல் 30 வரை, குலுக்கல் முறை. முதல் குலுக்கல் திறந்த இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 40,000 பேர் பதிந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், இதை மட்டுமே நம்பி ஓராண்டைத் திட்டமிடுவது சரியல்ல. எனக்குப் பெயர் விழுந்தது. என்னோடு பதிந்த மூவருக்கும் விழவில்லை. அவர்கள் என்னைவிட எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர்.

ஜப்பானின் கதவு வேறு மாதிரி. அங்கே வொர்க்கிங் ஹாலிடே ஏற்பாடு நமக்கு இல்லை என்றாலும், குறிப்பிட்ட திறன் பணியாளர் திட்டத்தில் சேர இந்தியா 2021 ஜனவரியில் கையெழுத்திட்டிருக்கிறது. அத்திட்டத்தில் தங்குவிடுதிப் பணியும் உணவகப் பணியும் அடக்கம். நிசேகோ, ஹகுபா போன்ற பனி ஊர்கள் நிறைய விடுதிப் பணியாளர்களை நம்பி நடப்பவை. ஆனால் இதற்குத் திறன் தேர்வோடு ஜப்பானிய மொழியில் என்4 எனப்படும் அடிப்படை நிலைத் தேர்ச்சியோ அதற்கு இணையான தேர்வோ வேண்டும். ஓசூரிலோ பெங்களூரிலோ வார இறுதி வகுப்பில் சேர்ந்தாலும் இந்த நிலைக்கு வர ஓராண்டு பிடிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குளிர்காலம் போய்விட்டு வருவதற்கு இத்தனை உழைப்பா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். விடுதித் துறையிலேயே சில ஆண்டுகள் இருக்க விரும்புகிறவருக்கு இதைவிட நேரான பாதை எனக்குத் தெரிந்து இல்லை.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்கு அமெரிக்காவின் ஜே-1 பயிற்சி விசா உண்டு. கொலராடோ, யூட்டா மலைகளின் ஹோட்டல்களில் இந்த வழியாக நம்மவர்கள் பலர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். விருந்தோம்பல் துறைக்கு இது அதிகபட்சம் 12 மாதம். அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் அமைப்பு ஒன்று உங்கள் பயிற்சித் திட்டத்தை ஏற்றால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அதே ஜே-1 பிரிவில் கோடைகால மாணவர் வேலை என்று இன்னொன்று இருக்கிறது. அது அவரவர் நாட்டின் கோடை விடுமுறையில் மட்டுமே செல்லும் என்பதால், நம் கோடையில் போகிறவருக்கு அமெரிக்காவில் பனி இருக்காது.

பிரிட்டனின் இந்திய இளம் தொழில்வல்லுநர் திட்டம் ஆண்டுக்கு 3,000 பேரைக் குலுக்கலில் எடுக்கிறது. பட்டமும் 2,530 பவுண்டு சேமிப்பும் வேண்டும், இரண்டாண்டு இருக்கலாம். ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம், க்ளென்ஷீ மலைகளில் பனி ஆண்டுக்கு ஆண்டு ஏமாற்றும். எனவே பனிக்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம்.

இனி வரும் படிகளை ஆஸ்திரேலியாவை மையமாக வைத்தே எழுதுகிறேன். நான் நடந்த வழி அதுதான்.

இரண்டாம் படி: தாள்களும் பணமும்

குலுக்கலில் பதியப் பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் தேவை. கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பதிவு திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சின் இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்த்துவர வேண்டும். இரண்டு ஆவணங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் பக்கத்தில் அப்பா பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுதாகவும் இருப்பது வழக்கம். அதைத் திருத்துவதற்கே இரண்டு மாதம் ஓடிவிடும்.

பெயர் விழுந்து அழைப்பு வந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். இந்த 28 நாள்தான் பலரைக் கவிழ்க்கிறது. அழைப்பு வந்த பிறகு பெரியார் பல்கலைக்கழகத்துக்குச் சேலம் பேருந்து ஏறிச் சான்றிதழ் கேட்டு நிற்பவருக்கு அந்த நாட்கள் போதா. தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகிய நான்கையும் குலுக்கலுக்குப் பதியும்போதே கையில் வைத்திருங்கள். அரியர் பாக்கி வைத்துக்கொண்டு இந்தக் குலுக்கலில் இறங்குவது இடத்தை வீணாக்குவதாகும். காவல்துறை நற்சான்றும் மருத்துவப் பரிசோதனையும் கேட்டால் பிறகு கொடுக்கலாம். ஆஸ்திரேலிய விசாவுக்கான கைரேகைப் பதிவுக்கு நமக்குப் பெங்களூரே பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து அதிகாலைப் பேருந்தைப் பிடித்தால் வேலையை முடித்துக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

பணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். விசாவுக்கு ஏறத்தாழ 5,000 ஆஸ்திரேலிய டாலர் சேமிப்பைக் காட்ட வேண்டும். இன்றைய மதிப்பில் அது 3 லட்ச ரூபாய் அளவுக்கு வரும். விசாக் கட்டணம் மட்டும் 600 டாலருக்கு மேல். விமானச் சீட்டு, குளிர் உடைகள், அறைக்கு முன்பணம், பருவம் தொடங்கும் முன் இரண்டு வாரச் சாப்பாடு என்று கூட்டினால் எனக்கு நான்கரை லட்சம் தேவைப்பட்டது. ஓசூரில் வேலை செய்தபோது நிறுவனப் பேருந்தில் காவேரிப்பட்டணத்திலிருந்தே போய்வந்ததால் வாடகை மிச்சமாயிற்று, அப்படித்தான் சேர்ந்தது. வங்கிக் கணக்கில் கடைசி வாரம் மொத்தமாக ஒரு தொகையைப் போட்டுக் காட்டுவது சந்தேகத்தை உண்டாக்கும். மாதாமாதம் சம்பளத்திலிருந்து ஏறிய கணக்கே பேசும்.

காட்டும் பணத்துக்காக நகைக் கடன் வாங்குவதைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். அதில் உள்ள ஆபத்து இது: பனி தாமதமாக விழும் ஆண்டில் மலையின் கீழ்ப்பகுதி ஜூன் கடைசி வரை மண்ணாகவே கிடக்கும், வேலை நேரம் பாதியாகக் குறையும், அப்போது வட்டி மட்டும் குறையாது. ஆறு வாரம் சம்பளம் இல்லாமலே இருக்கக்கூடிய தொகை சொந்தமாகக் கையில் இருந்தால், அந்தக் காத்திருப்பு வெறும் காத்திருப்பாகவே முடிந்துவிடும்.

வேலை வாங்கித் தரும் இடைத்தரகர்களைப் பற்றியும் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இமைகிரேட் என்ற அரசு இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். அப்படிப் பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். 462 விசாவைப் பொறுத்தவரை இடைத்தரகரே தேவையில்லை; எல்லாப் படிவங்களையும் நாமே நிரப்பலாம். நான் அப்படித்தான் நிரப்பினேன்.

மூன்றாம் படி: வேலைக்கு விண்ணப்பித்தல்

ஆஸ்திரேலியாவில் பெரிய பனி மையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நியூ சவுத் வேல்ஸில் பெரிஷர், த்ரெட்போ. விக்டோரியாவில் ஃபால்ஸ் க்ரீக், மவுண்ட் ஹாதம், மவுண்ட் புல்லர். ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே இவை ஆள் எடுக்க ஆரம்பிக்கின்றன. மே மாதம் விண்ணப்பிப்பவருக்கு மிஞ்சியவையே கிடைக்கும். மையத்தின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பிப்பது ஒரு வழி. மலையடிவார ஊர்களின் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் தனித்தனியாக எழுதுவது இன்னொரு வழி. பெரிஷருக்கும் த்ரெட்போவுக்கும் ஜிண்டபைன் என்ற ஏரிக்கரை ஊரே அடிவாரம்.

பனிச்சறுக்கே தெரியாமல் பனி மையத்தில் வேலையா என்று என் அம்மா கேட்டார். சறுக்கத் தெரிய வேண்டிய வேலைகள் பயிற்றுநரும் மீட்புக் குழுவும் போன்ற சிலவே. சமையலறை உதவி, அறை சுத்தம், சீட்டு விற்பனை, உபகரண வாடகைக் கடை, பேருந்து நிறுத்த உதவி, லிஃப்ட் ஆகிய எதற்கும் சறுக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. மது பரிமாறும் இடமென்றால், பொறுப்போடு பரிமாறப் பயிற்சி பெற்றதற்கான ஆர்எஸ்ஏ என்ற சான்று வேண்டும். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், எந்த மாநிலத்துக்குப் போகிறோம் என்று உறுதியான பிறகே எடுங்கள்.

சுயவிவரத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். தந்தை பெயர், மதம், திருமணம், புகைப்படம் எதுவும் அதில் வேண்டாம். நம்மில் பலர் பட்டத்தை மேலே எழுதி, செய்த வேலைகளை வெட்கப்பட்டு மறைக்கிறோம். அங்கே அது தலைகீழ். மாங்கூழ் ஆலையில் இரண்டு பருவம் தரம் பிரித்தது, மாமாவின் மெஸ்ஸில் கல்யாண நாட்களில் முந்நூறு பேருக்குப் பரிமாறியது, சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தது ஆகியவற்றைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். வீடியோ நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஆறு மணிக்கு இருட்டில் பனி பெய்யும்போது வேலைக்கு வருவாயா என்பதுதான். ஓசூரில் மூன்று ஷிஃப்டும் பார்த்திருக்கிறேன், ஓராண்டில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்றேன். அந்தப் பெண்மணி அதைக் குறித்துக்கொண்டது திரையில் தெரிந்தது. பட்டத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

ஒப்பந்தம் வந்ததும் நான்கு விவரங்களைத் தேடிப் படியுங்கள்: வாரத்துக்கு உறுதியான மணிநேரம் எத்தனை, தங்குமிடம் தருகிறார்களா, அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பு, பனி இல்லாவிட்டால் என்ன ஏற்பாடு. 2025 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர் ஆயிற்று. தற்காலிகப் பணியாளராக எடுத்தால் அதன்மேல் 25 விழுக்காடு கூடும், ஆனால் மணிநேரத்துக்கு உத்தரவாதம் இருக்காது. பனி மைய ஊழியர்களுக்கென்றே ஆல்பைன் ரிசார்ட்ஸ் அவார்டு என்ற தனி ஊதிய ஆணையும் இருக்கிறது. இந்த விசாவில் ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் பொதுவாக இருக்க முடியாது. நான்கு மாதப் பருவத்துக்கு அது தடையாகாது.

தங்குமிடம் உறுதியாகாமல் விமானம் ஏறாதீர்கள். பனிக்காலத்தில் ஜிண்டபைனில் வாடகை அறை கிடைப்பது சம்பளத்தைவிடப் பெரிய சிக்கல். ஊழியர் விடுதியில் நான்கு பேர் ஒரே அறையில் இருக்க நேர்ந்தாலும் முதல் பருவத்துக்கு அதையே எடுங்கள். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்: பெண்கள் மட்டும் தங்கும் அறை வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்கலாம், யாரும் அதைத் தவறாக எடுப்பதில்லை. எங்கள் விடுதியில் இருந்த கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர், ஒப்பந்தத்தையும் விடுதி முகவரியையும் மேலாளரின் அலுவலக எண்ணையும் தமிழில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மகளை அனுப்பத் தயங்கும் வீட்டில் வாய்ப்பேச்சைவிட அந்த ஒரு தாள் அதிகம் செய்யும்.

நான்காம் படி: குளிருக்குத் தயாராதல்

நம் ஊரில் குளிர் என்றால் தளி, ஏற்காடு. அதிகம் போனால் ஊட்டியின் உறைபனிக் காலை. பனிமலையின் குளிர் வேறு தன்மையுடையது. அங்கே வெப்பநிலையைவிடக் காற்றும் ஈரமும்தான் ஆளைச் சாய்க்கும். முதல் நாள் நான் ஓசூரில் வாங்கிய பருத்தி உள்ளாடையின்மேல் கம்பளிச் சட்டையும் ஜாக்கெட்டும் போட்டுப் போனேன். காலை முழுவதும் பனியை மண்வெட்டியால் அள்ளியதில் வியர்த்தது. பருத்தி அந்த வியர்வையை விடாமல் பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு நின்ற வேலைக்கு மாறியதும் அந்த ஈரம் முதுகில் பனிக்கட்டியாக ஒட்டியது. பற்கள் அடித்துக்கொண்டதில் ரேடியோவில் பேசவே முடியவில்லை. மேற்பார்வையாளர் என்னை அடுப்பறைக்கு அனுப்பி, தன் மாற்று உள்ளாடையைக் கொடுத்தார்.

ஆகவே அடுக்கு முறையைக் கடைப்பிடியுங்கள். உடலோடு ஒட்டிய அடுக்கு மெரினோ கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும், நடுவில் ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கைத் துணி, வெளியே நீர் புகாத, காற்று புகாத மேலங்கி. வெளி அடுக்கைப் பெரும்பாலும் மையமே சீருடையாகத் தந்துவிடும் என்பதால் அதற்குச் செலவழிக்க வேண்டாம். பணத்தை உள்ளாடையிலும் காலுறையிலும் கையுறையிலும் போடுங்கள். கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று நனைந்தால் உலர ஓரிரவு ஆகும். பெங்களூரின் பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கின்றன.

வெயிலை மறந்துவிடாதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். மேலிருந்தும் கீழிருந்தும் வெயில் அடிக்கும். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணத்தில் இருந்த எனக்கு இரண்டாம் வாரமே மூக்குத் தோல் உரிந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரு முழுநாள் நின்றால் இரவில் கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் எரியும். நல்ல கறுப்புக் கண்ணாடியும், சன்ஸ்கிரீனும், உதட்டுக்கு மெழுகும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பனியைக் கண்ணாலும் காணாமல் நேரே அங்கே போய் இறங்கத் தயங்குகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. குல்மார்க்கிலும் மணாலியிலும் உள்ள அரசுப் பயிற்சி நிறுவனங்கள் குளிர்காலத்தில் இரண்டு வார அளவிலான அடிப்படைப் பனிச்சறுக்குப் பயிற்சி நடத்துகின்றன. அங்கே கற்ற அடிப்படை சுயவிவரத்திலும் ஒரு வரியாகும். குளிர் உடம்புக்கு ஒத்துவருமா என்பதும் குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: மலையில் ஒரு நாள்

காலை ஆறரைக்கு ரேடியோவும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு லிஃப்ட் நிலையத்துக்குப் போனோம். இரவில் விழுந்த பனியை ஏறுமிடத்திலிருந்து அள்ளி, பயணிகள் நிற்கும் தரையைச் சரியான சரிவுக்குச் சமன் செய்ய வேண்டும். தரை உயர்ந்தால் நாற்காலி முழங்காலில் இடிக்கும், தாழ்ந்தால் உட்கார எட்டாது. பிறகு அவசர நிறுத்தப் பொத்தான்கள் ஒவ்வொன்றையும் அழுத்திச் சோதித்து, மேல் நிலையத்தோடு ரேடியோவில் பேசி, காலி நாற்காலிகளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகே ஆட்களை ஏற்றுவோம்.

நான் நின்றது பழைய இருவர் நாற்காலி லிஃப்ட். புதிய லிஃப்டுகளில் நாற்காலி நிலையத்துக்குள் வந்ததும் கம்பியிலிருந்து கழன்று மெதுவாக நகரும். பழையதில் அது கம்பியோடு பிணைந்தே இருப்பதால், ஓடும் வேகத்திலேயே வந்து காலின் பின்புறம் மோதும். அந்த மோதலைத் தணிக்க நாற்காலியின் முதுகைக் கையால் பிடித்து, ஒரு நொடி பின்னிழுத்து, ஆட்கள் உட்கார்ந்ததும் விட வேண்டும். ஒகேனக்கலில் பரிசல்காரர் ஒரு காலால் பரிசலின் விளிம்பை மிதித்து, ஆள் உட்காரும்வரை ஆடாமல் பிடித்து, பிறகு தள்ளிவிடுவாரே, அதே வேலைதான். ஒரு மணிநேரத்துக்கு நூற்றுக்கணக்கான முறை. முதல் வாரம் வலது தோள் வீங்கிற்று. இடக்கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக் கற்றபின் வலி போய்விட்டது.

சிறு குழந்தைகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி பாதி உட்கார்ந்த நிலையில் நாற்காலி கிளம்பிவிட்டது. கை தானாகவே நிறுத்தப் பொத்தானுக்குப் போயிற்று. அவள் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கியபோதே லிஃப்ட் நின்றது, அவளுடைய அப்பா அவளை எளிதாக இறக்கிவிட்டார். வரிசையில் நின்ற நூறு பேரும் காத்திருந்தார்கள். இவ்வளவு பேரை நிறுத்திவிட்டோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மேற்பார்வையாளர் வந்து, சந்தேகம் வந்தால் நிறுத்து, காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். தயங்கும் இயல்புள்ளவர்கள் இந்த ஒன்றைப் போவதற்கு முன்பே மனதில் பதித்துக்கொள்வது நல்லது.

வாடகைக் கடையில் வேலை கிடைத்தவர்களுக்கு வேறு வகை உழைப்பு. அங்கே காலணி அளவு சென்டிமீட்டரில் இருக்கும். காலணியைச் சறுக்குப் பலகையோடு பூட்டும் பிணைப்பு எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, திறமை, காலணி நீளம் ஆகியவற்றை அட்டவணையில் பார்த்து அமைப்பார்கள். வாடிக்கையாளர் எடையைக் குறைத்துச் சொன்னால் பிணைப்பு வேண்டாத நேரத்தில் கழன்று ஆளை விழவைக்கலாம். கூட்டிச் சொன்னால் அது கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் கால் உடையும் அபாயம் கூடும். இந்தக் கணக்கைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும். பயிற்சி தராமல் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

விடுமுறை நாளில் சறுக்கப் போகும் முன் காப்பீட்டைப் பாருங்கள். வேலை நேரத்தில் அடிபட்டால் பணியாளர் இழப்பீடு உண்டு. சொந்த நேரத்தில் விழுந்தால் உங்கள் பயணக் காப்பீடுதான். பல பயணக் காப்பீடுகள் பனி விளையாட்டைச் சேர்ப்பதில்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவத் திட்டம் நம் விசாவுக்குப் பொருந்தாது என்பதால், ஒரு முழங்கால் முறிவு ஒரு பருவச் சம்பளத்தையே விழுங்கிவிடும்.

சம்பளத்தில் குறை இருந்தால், பணியாளர் உரிமைகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் என்ற ஆஸ்திரேலிய அரசு அமைப்பிடம் முறையிடலாம். விசா வகை அதற்குத் தடையில்லை. ஆங்கிலத்தில் விளக்கத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்பு எண்ணில் தமிழ் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விமான நிலையத்தில் இறங்கும்போது எந்த உணவுப் பொருளையும் மறைக்காமல் அறிவியுங்கள். பழம், விதை, பால் பொருட்களில் ஆஸ்திரேலியா மிகக் கண்டிப்பானது, மறைத்தால் அபராதம் விழும். அம்மா கட்டிக்கொடுத்த மாங்காய் ஊறுகாயை நான் படிவத்தில் எழுதினேன். அதிகாரி திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு சிறிய ரைஸ் குக்கர் இருந்தால் விடுதியில் நண்பர்கள் தாமாகச் சேர்வார்கள்.

ஆறாம் படி: பனி உருகிய பிறகு

அக்டோபரில் லிஃப்டுகள் நின்றாலும் விசாவில் ஏழெட்டு மாதம் மிச்சம் இருக்கும். இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு: வடக்குப் பிரதேசத்தின் டார்வின், கேத்ரின் பகுதிகளில் அப்போதுதான் மாம்பழ அறுவடை. ஆறு வாரத்துக்கு முன் கையுறைக்குள் விரல் மரத்துப்போன நான், அங்கே வியர்வையில் நனைந்து மாங்காய்ப் பால் முகத்தில் படாமல் காம்பை வெட்டப் பழகிக்கொண்டிருந்தேன். நம் தோப்புகளில் செய்த வேலைதான் என்பதால் முதல் நாளிலிருந்தே கை வேகமாக ஓடிற்று. வட ஆஸ்திரேலியாவில் மூன்று மாதம் பயிர் வேலை செய்தால் அது இரண்டாவது 462 விசாவுக்குரிய குறிப்பிட்ட வேலையாகக் கணக்கில் வரும். அந்த இரண்டாம் விசாவுக்குக் குலுக்கல் கிடையாது.

இதற்காக ஒவ்வொரு வாரச் சம்பளச் சீட்டையும் மின்னஞ்சலில் சேர்த்துவையுங்கள். பண்ணையின் பதிவு எண்ணும் வேலை செய்த இடத்தின் அஞ்சல் குறியீடும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை தொடங்கும்போதே வரி எண் பெற்றுக் கொடுத்திருந்தால் முதல் 45,000 டாலர் வரை 15 விழுக்காடு வரி பிடிப்பார்கள். முதலாளி உங்கள் பெயரில் ஓய்வூதியக் கணக்கிலும் சம்பளத்தின் மேல் 12 விழுக்காடு கட்டியிருப்பார். நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பி விசா முடிந்தபின் அதைக் கேட்டுப் பெறலாம், ஆனால் இவ்வகை விசாக்காரர்களுக்கு அதில் 65 விழுக்காடு வரியாகப் போய்விடும். மிச்சம் வரும் தொகை சிறிதென்று விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தை ஊரிலிருந்தே இணையத்தில் போடலாம். பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கையும், அதோடு இணைத்த தொலைபேசி எண்ணையும் மூடாமல் வைத்திருங்கள். நான் எண்ணை முன்பே துண்டித்துவிட்டதால், கடவுச்சொல் குறுஞ்செய்தி வராமல் இரண்டு மாதம் அலைந்தேன்.